ஹிஜாபும் கல்யாணப் பட்டும்

எங்கள் அந்தமான் மாயாபந்தரில் கல்யாணம் நிச்சயமான வீட்டிலிருந்து ஒரு பெண்பிள்ளை வந்து உட்கார்ந்தால், டீ ஆறுவதற்குள் கேள்வி வந்துவிடும். "மாமி, காஞ்சிப் பட்டு எடுத்தாச்சு. அதுக்கு மேல ஹிஜாப் கட்டினா கழுத்துப் பக்கம் மூட்டையாட்டம் நிக்குது. என்ன பண்ணட்டும்?" சிலர் லெஹங்காவுக்குக் கேட்பார்கள், சிலர் அனார்கலிக்கு. உடை மாறினாலும் கவலை ஒன்றுதான். இதற்குப் பதில் சொல்ல ஒரு கிளாஸ் டீ போதாது என்பதால் நிதானமாக எழுதுகிறேன்.

அந்த மூட்டை எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். நம் நாட்டுக் கல்யாண உடை எதை எடுத்தாலும் தலையை மூடுவதற்கு ஒரு துணி அதிலேயே இருக்கிறது. சேலைக்கு முந்தானை. சல்வாருக்கும் லெஹங்காவுக்கும் ஷராராவுக்கும் துப்பட்டா. நம் உம்மாக்கள் முந்தானையை இழுத்து முக்காடு போட்டே ஒரு வாழ்நாளை ஓட்டினார்கள். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் வாசல் தாண்டினால் சேலைக்கு மேல் வெள்ளைத் துப்பட்டி போர்த்திக்கொள்வது வழக்கமாக இருந்தது. மலபாரில் காச்சித் துணியும் குப்பாயமும், தலைக்குத் தட்டமும். ஹைதராபாத் மணப்பெண்ணின் கடா துப்பட்டாவோ ஏறக்குறைய ஆறு கெஜம் நீளம். அதையே உடம்பிலும் சுற்றி, தலைக்கும் ஏற்றுவார்கள்.

தாடைக்குக் கீழே சேர்த்து ஊசி குத்தி, மார்பு வரை இறக்கிவிடும் ஹிஜாப் நம் பக்கத்தில் பரவியது இவற்றுக்கெல்லாம் பின்னால்தான். வளைகுடாவுக்கு வேலைக்குப் போய் வந்தவர்களும், மலேசியா, சிங்கப்பூரில் இருக்கும் உறவுக்காரர்களும் அதைக் கொண்டுவந்தார்கள். ஆக, இன்றைக்கு ஒரு தலைக்கு இரண்டு துணிகள். உடையோடு வந்தது ஒன்று, நாம் சேர்ப்பது ஒன்று. இரண்டையும் ஒரே வேலைக்கு ஏவினால் கழுத்தில்தான் வந்து குவியும்.

அதனால் நான் எந்தப் பெண்ணுக்கும் முதலில் சொல்வது இதைத்தான்: மறைக்கிற வேலையை ஒரு துணியிடம் கொடு, சிங்காரிக்கிற வேலையை இன்னொன்றிடம் கொடு. ஹிஜாப் துணி மறைக்கட்டும். அது மெல்லிசாக, சாதாவாக, காற்றோட்டமாக இருந்தால் போதும். ஜரிகையும் கல்லும் மணியும் முந்தானைக்கும் துப்பட்டாவுக்கும் சொந்தம். அவை தலையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இந்தப் பிரிவினையை மனதில் வாங்கிக்கொண்டால், தையற்காரரிடம் என்ன சொல்வது, எந்த நகை போடுவது, எத்தனை ஊசி என்பதெல்லாம் தானாகத் தெளிந்துவிடும்.

மார்க்கம் என்ன கேட்கிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குர்ஆனின் 24ஆம் அத்தியாயம் 31ஆம் வசனம் தலைத்துணியை மார்பின் மேல் வரும்படி இழுத்து விட்டுக்கொள்ளச் சொல்கிறது. முடியை மட்டும் மூடிவிட்டுக் கழுத்தையும் மார்பையும் உடையின் பொறுப்பில் விட்டுவிட்டால், கல்யாணக் கூட்டத்தில் நாள் முழுக்க ஒரு கை முந்தானையைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியதாகிவிடும். மணப்பெண் நிம்மதியாக உட்கார வேண்டிய நாள் அது.

ஒரு கேள்வியை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். பெண்கள் பகுதி தனியாக இருக்கிறதா? காயல்பட்டினம் மாதிரி ஊர்களில் பெண்கள் தனி, ஆண்கள் தனி. பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்குள் மணப்பெண் தலைத்துணி இல்லாமலேகூட இருக்கலாம். எங்கள் ஊர் அப்படி இல்லை. பக்கத்து வீட்டு வங்காளிகள், ராஞ்சிப் பக்கத்திலிருந்து குடியேறியவர்கள், பக்கத்து வேபி கிராமத்திலிருந்து கரேன் குடும்பங்கள், தமிழ் இந்துக்கள் என்று எல்லோரும் வருவார்கள், வரத்தான் வேண்டும். அதனால் இங்கே ஹிஜாப் காலையிலிருந்து இரவு வரை தலையில் நிற்க வேண்டிய ஒன்று. ஒரு மணி நேர போட்டோவுக்கான கட்டும் பன்னிரண்டு மணி நேரக் கட்டும் ஒன்றல்ல. செல்போனில் பார்க்கிற அழகான கட்டுகளில் பெரும்பாலானவை குளிரூட்டிய அறையில், போட்டோவுக்காகக் கட்டப்பட்டவை.

நம் காற்றை நினைத்துப் பாருங்கள். இந்தத் தீவுகளில் வருடத்துக்கு மூவாயிரம் மில்லிமீட்டரை ஒட்டி மழை. மே மாதப் பிற்பாதியில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் டிசம்பர் வரை ஏதோ ஒரு மழை இருந்துகொண்டே இருக்கும். மழையில்லாத மாதத்திலும் காற்றில் ஈரம் குறைவதில்லை. வேர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் வேர்வை ஆவியாகாது, துணியில் ஊறித் தங்கிவிடும். ஆகவே தலையில் இரண்டு அடுக்குக்கு மேல் போகாதீர்கள். உள்ளே ஒரு கேப், மேலே ஹிஜாப். மூன்றாவதாகத் துப்பட்டாவைத் தலைக்கு ஏற்ற ஆசை இருந்தால் நிக்காஹ் நடக்கும் நேரத்துக்கு மட்டும் ஏற்றிவிட்டு இறக்கிவிடலாம்.

கேப்பில்தான் எல்லாம் இருக்கிறது. ஜார்ஜெட்டும் ஷிஃபானும் வழுவழுப்பு, முடியும் வழுவழுப்பு. ஒன்றின் மேல் ஒன்று நிற்காது. அதை நிறுத்தத்தான் பலர் பத்துப் பதினைந்து ஊசி குத்துகிறார்கள். நடுவில் பருத்திக் கேப் ஒன்று வந்தால், அதன் சொரசொரப்பு மேலே உள்ள துணியைப் பிடித்துக்கொள்ளும். ஊசி மூன்று நான்கு போதும். பின்னால் நாடா வைத்துக் கட்டும் கேப் நல்லது, தலைக்கேற்ப இறுக்கம் வைத்துக்கொள்ளலாம். எலாஸ்டிக் கேப்பை நாள் முழுக்கப் போட்டால் சாயங்காலம் நெற்றி வலிக்கும். நிறம் ஹிஜாபின் நிறமாகவோ அதைவிட ஒரு சாயல் வெளுப்பாகவோ இருக்கட்டும். நெற்றியோரம் ஒரு நூல் அளவு தெரிந்தாலும் உறுத்தாது. முடியை நன்றாகக் காயவைத்துத் தாழக் கொண்டை போடுங்கள். ஈரத் தலையை மூடினால் அன்று இரவே அரிப்பு எடுக்கும். ஹிஜாப் உயரமாகத் தெரிவதற்காக உள்ளே வைக்கும் பெரிய பூங்கொண்டை எனக்கு உடன்பாடில்லை. பாரம் பின்னுக்கு இழுக்கும், கழுத்து வலிக்கும், பக்கவாட்டில் பார்த்தால் முகத்தின் அளவே மாறிவிடும்.

ஹிஜாப் துணிக்கு வருவோம். பட்டு மின்னும். அதன் பக்கத்தில் சாட்டினும் மின்னினால் இரண்டும் மோதிக்கொள்ளும், முகம் நடுவில் காணாமல் போகும். பட்டுச் சேலைக்கு மினுமினுப்பு அடங்கிய க்ரேப்போ ஜார்ஜெட்டோ சரியான துணை. ஜெர்சி நன்றாக நிற்கும், ஆனால் கல்யாணப் பட்டோடு பார்த்தால் வீட்டு உடுப்பு மாதிரி இருக்கும், வேர்வையும் பிடிக்கும். நீளம் 180 சென்டிமீட்டர், அகலம் 70க்குக் குறையாமல் இருந்தால் தலையும் மார்பும் இரண்டும் அடங்கும். அதற்குமேல் நீளமானால் மறுபடியும் மூட்டைதான்.

நிறத்தில் பலர் செய்கிற காரியம், பார்டரின் நிறத்துக்கு ஹிஜாப் எடுப்பது. அரக்குச் சேலை, பச்சை பார்டர், அதனால் பச்சை ஹிஜாப். பார்டர் சேலைக்கு ஓரமாக இருக்கும்போது அழகு. அதே நிறம் முகத்தைச் சுற்றி வந்து நின்றால் சேலையை விட்டுவிட்டுப் பார்வை தலைக்குப் போய்விடும். நான் சேலையின் உடல் நிறத்தையோ, அதைவிட மென்மையான சாயலையோதான் எடுக்கச் சொல்வேன். இன்னொன்று, முகத்தை ஒட்டி நிற்பது சேலை அல்ல, ஹிஜாப்தான். சேலைக்கு ஒத்துப்போனால் மட்டும் போதாது, உங்கள் நிறத்துக்கும் ஒத்துப்போக வேண்டும். துணியை முகத்தோடு சேர்த்துப் பிடித்து வாசல் வெளிச்சத்தில் ஒருமுறையும், ராத்திரி டியூப்லைட் வெளிச்சத்தில் ஒருமுறையும் பாருங்கள். மண்டப விளக்கில் பழுப்பாகத் தெரியும் தங்க நிறம் பகலில் எலுமிச்சை மஞ்சளாகப் போய்விடுவது உண்டு.

இப்போது கட்டும் முறை. இதில் அவசரம் கூடாது. நான் சொல்வதைக் கையில் துணியை வைத்துக்கொண்டு படித்தால் இன்னும் நல்லது.

நம் கட்டில் முந்தானை வலது இடுப்பிலிருந்து புறப்பட்டு மார்பைக் குறுக்காகக் கடந்து இடது தோளில் ஏறுகிறது. அதாவது இடப்பக்கத்து மார்பை முந்தானை பார்த்துக்கொள்ளும். வலப்பக்கத்தின் மேல்பாதிதான் வெறுமையாக நிற்கும். நிறையப் பேர் ஹிஜாபின் நீளமான நுனியை வலப்பக்கம் விட்டு, தாடைக்கு அடியில் கொண்டுவந்து இடது தோளில் ஏற்றி ஊசி குத்துகிறார்கள். முந்தானைக் கொசுவமும் அதே தோளில், ஹிஜாப் நுனியும் அதே தோளில். அங்கே மலை, வலப்பக்கம் பள்ளம். இதைத் திருப்பிப் போட வேண்டும், அவ்வளவுதான். ஹிஜாபைத் தலையில் வைக்கும்போதே இடப்பக்கம் நீளமாகவும் வலப்பக்கம் குட்டையாகவும் விடுங்கள். குட்டை நுனியை ரவிக்கைக் கழுத்துக்குள் ஒளித்துவிடுங்கள். நீளமான இடது நுனியைத் தாடைக்கு அடியில் கொண்டுவந்து, விரித்தபடி வலது தோளுக்கு எடுத்துச் சென்று, தோளுக்குச் சற்றுப் பின்னால் ஒரு ஊசி. துணி விரிந்து விழும் இடம், முந்தானை எட்டாத அதே வலது மார்பு. இடது தோள் காலியாக, முந்தானைக்காகக் காத்திருக்கும்.

ஆகவே வரிசை முக்கியம். பாவாடை, ரவிக்கை, பிறகு கேப், பிறகு ஹிஜாப். சேலையை இடுப்பில் சுற்றிக் கொசுவம் வைத்து முடித்த பிறகு கடைசியாக முந்தானையை மேலே ஏற்றுவது. ஹிஜாபின் கீழ் ஓரம் முந்தானைக்கு அடியில் போய்விடும். பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே உடையின் இரண்டு மடிப்பாகத் தெரியும். முந்தானையை முதலில் குத்திவிட்டு அதன் மேல் ஹிஜாபைப் போட்டால், ஐந்தரை மீட்டர் பட்டு நெய்தவர் முந்தானைக்காகப் பட்ட பாடெல்லாம் துணிக்கு அடியில் போய்விடுகிறது. காஞ்சிபுரத்தில் உடல் தனி, பார்டர் தனியாகக் கோர்வை போட்டு நெய்வது எத்தனை கை உழைப்பு! அதை மறைப்பதற்கு மனம் வரக்கூடாது.

வடநாட்டுக் கட்டு, அதாவது பின்னாலிருந்து வலது தோள் வழியாக முந்தானையை முன்னால் விரித்துவிடுவது, ஹிஜாபுக்கு இன்னும் எளிது. முன்பக்கம் முழுவதையும் முந்தானையே மூடிவிடுவதால் ஹிஜாப் சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. முந்தானை வேலைப்பாடும் நன்றாகத் தெரியும். வயதான மாமிமார் பலருக்கு இந்தக் கட்டு பழக்கமில்லை என்பதால் சொன்னால் யோசிப்பார்கள். ஒருமுறை கட்டிக் காட்டுங்கள்.

காஞ்சிப் பட்டு அரைக் கிலோவுக்குக் குறைவதில்லை, ஜரிகை கூடினால் ஒரு கிலோவை எட்டும். அந்தப் பாரம் தோளில் ஒரே ஊக்கில் தொங்கினால் பட்டு கிழியும். ரவிக்கையின் உள்ளே தோளுக்கு அடியில் ஒரு துண்டுத் துணியை மடித்துத் தைத்துவிட்டு, ஊக்கை உள்ளேயிருந்து குத்தி அந்தத் துண்டையும் சேர்த்து எடுங்கள். பாரம் துண்டில் இறங்கும். ஒன்றுக்கு இரண்டு ஊக்கு, முன்னும் பின்னுமாக, இன்னும் நல்லது.

ரவிக்கை பற்றிப் பேசினால் எனக்கு நேரம் போவதே தெரியாது. இப்போதெல்லாம் கல்யாண ரவிக்கைக்கு ஆரி வேலை செய்கிறார்கள். பணம் பெரும்பாலும் முதுகிலும் கழுத்திலும்தான் கொட்டப்படுகிறது. ஹிஜாப் போடுகிற பெண்ணுக்கு முதுகும் கழுத்தும் மூடியிருக்கும். அந்த வேலைப்பாட்டை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கொண்டுவாருங்கள். அன்றைக்கு எல்லோரும் பார்க்கப் போவது உங்கள் கையைத்தான்: மருதாணி, வளையல், மோதிரம், கையெழுத்து. செலவும் குறையும், வேலைப்பாடும் வீணாகாது. கழுத்து வட்டமாக, எலும்பை ஒட்டி, நிமிர்ந்த காலர் இல்லாமல் தைக்கச் சொல்லுங்கள். காலர் நின்றால் அதன் மேல் ஹிஜாப் உப்பும். ரவிக்கை நீளம் இடுப்பு வரை இறங்கட்டும், கை தூக்கினாலும் குனிந்தாலும் இடுப்பு தெரியாது. உள்ளே பருத்தி லைனிங். பாலியஸ்டர் லைனிங் மலிவு, ஆனால் இந்த ஊர் வேர்வைக்குத் தாங்காது.

தொழுகைக்கு முன் ஒளு செய்ய வேண்டும் என்பதைத் தையற்காரரிடம் சொல்ல நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். முழுக்கை ரவிக்கையை மணிக்கட்டில் இறுக்கித் தைத்துவிட்டால் முழங்கை வரை எப்படிக் கழுவுவது? அஸர் போய் மக்ரிபும் வந்துவிடும், பெண் தவித்துக்கொண்டு இருப்பாள். மணிக்கட்டிலிருந்து முன்கையில் பாதி தூரம் திறந்து கொக்கியோ ஜிப்போ வைக்கச் சொல்லுங்கள்; அதற்குமேல் உள்ள கை சற்றுத் தளர்வாக இருந்தால் முழங்கைக்கு மேல் ஏறிவிடும். இன்னொரு வழி, ரவிக்கையை அரைக்கையாகத் தைத்து, அதே துணியில் கழற்றி மாட்டும் கைகளைத் தனியாக வைத்துக்கொள்வது. தலைக்கு மஸஹு செய்வதற்கும் ஹிஜாபை முழுக்க அவிழ்க்க வேண்டியதில்லை. தோள் ஊசியை மட்டும் எடுத்ததும் கேப்பின் நாடாவைத் தளர்த்த முடிகிறபடி கட்டியிருக்க வேண்டும். நகப்பூச்சு தண்ணீரைத் தடுக்கும், மருதாணி தடுக்காது என்பது உங்களுக்கே தெரியும்.

லெஹங்காவுக்கும் ஷராராவுக்கும் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அங்கே துப்பட்டா முழுக்க முழுக்கச் சிங்காரத்துக்கு. ஹிஜாபை மார்பு வரை இறக்கிக் கட்டிவிட்டு, துப்பட்டாவை ஒரு தோளில் குத்தி மறுகையில் விட்டுவிடலாம். நிக்காஹ் நேரத்துக்குத் தலைமேல் போடுவதானால் பாரம் தலையில் தொங்கக் கூடாது. முதலில் இரண்டு தோளிலும் ஊக்குக் குத்திவிட்டு, தோளுக்கும் தலைக்கும் நடுவில் துணியைக் கொஞ்சம் தளர விடுங்கள். பிறகு உச்சியில் ஒரே ஒரு ஊசி, அதுவும் கேப்போடு சேர்த்து. வேலைப்பாடு நிறைந்த துப்பட்டா முடியை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கினால் ஒரு மணி நேரத்தில் நெற்றி இழுத்துத் தலைவலி வந்துவிடும். மணப்பெண் சிரிக்காமல் உட்கார்ந்திருக்கும் பாதி போட்டோக்களுக்குக் காரணம் இதுதான்.

"அப்ப நகை, மாமி? காதுல ஜிமிக்கி போட்டா உள்ள போயிடுதே."

போகட்டும், அல்லது வெளியே வரட்டும்; நடுவில் மாட்டிக்கொள்ளக் கூடாது. வெளியே தெரிய வேண்டுமானால் மாட்டலை நம்புங்கள். மாட்டலின் கொக்கியை முடியில் மாட்டுவதற்குப் பதில் கேப்பின் ஓரத்தில் காதுக்கு மேலே மாட்டி, ஜிமிக்கியை ஹிஜாபுக்கு வெளியே விட்டால் காதுக்குப் பாரமே இல்லை. காது குத்தாதவர்கூடப் போட்டுக்கொள்ளலாம். நெற்றிச்சுட்டியை ஹிஜாபுக்கு மேல் உச்சி நடுவில் கேப்போடு சேர்த்துக் குத்தலாம். ஹைதராபாத், லக்னோ பக்கத்து ஜூமர் இதற்கு இன்னும் பொருத்தம். தலையின் ஒரு பக்கமாக அமர்கிற நகை என்பதால் துணியின் மேல் அழகாக உட்காரும். கழுத்தில் அட்டிகையை ஹிஜாபுக்கு மேல் கட்டினால் கழுத்து குட்டையாகத் தெரியும். நீள ஆரம் ஒன்று போதும். கல் பதித்த நகையின் பின்புறத்தைத் தடவிப் பாருங்கள், சொரசொரப்பாக இருந்தால் ஜார்ஜெட்டின் நூலை இழுத்துவிடும். பின்னால் மெல்லிய துணி ஒட்டிக்கொள்ளுங்கள்.

கருகமணிக்கு ஒரு ஏற்பாடு வேண்டும். பல ஊர்களில் மாப்பிள்ளையின் உம்மாவோ சகோதரியோதான் அதைக் கட்டுகிறார்கள். கூட்டத்துக்கு நடுவில் ஹிஜாபுக்குள் கைவிட்டுக் கொக்கியைத் தேடுவது இருவருக்கும் சங்கடம். தலை வழியாகப் போடும் அளவு நீளமாகக் கோத்துவிட்டால் ஹிஜாபுக்கு மேலேயே போட்டுவிடலாம். உள்ளே இருக்க வேண்டும் என்று விரும்பினால் பிறகு அறைக்குப் போய் மாற்றிக்கொள்ளலாம்.

மல்லிகைப்பூ வேண்டாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பின்னந்தலையில் ஹிஜாபின் மேல், கொண்டை இருக்கும் இடத்தைச் சுற்றிச் சரத்தை வைத்து, கொண்டை ஊசியைக் கேப் வரை இறக்கிக் குத்தினால் நிற்கும். தண்ணீர் தெளித்த பூவை அப்படியே வைத்தால் துணியில் கறை இறங்கும், துடைத்துவிட்டு வையுங்கள்.

ஊசியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள். கட்டும்போது ஊசியை வாயில் கவ்விக்கொள்ளும் பழக்கம் நம் எல்லோரிடமும் உண்டு. துருக்கியிலும் எகிப்திலும் இன்னும் பல நாடுகளிலும் நெஞ்சக மருத்துவர்கள் இதை ஒரு தனிப் பிரச்சினையாகவே பதிவு செய்திருக்கிறார்கள். பெரும்பாலும் பதின்வயதுப் பெண்கள். ஊசி வாயில் இருக்கும்போது பேசியிருப்பார்கள், சிரித்திருப்பார்கள், இருமியிருப்பார்கள். ஊசி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அதை எடுக்க மூச்சுக்குழாய்க்குள் கருவி விட வேண்டும், சில சமயம் அறுவை சிகிச்சைகூட. கல்யாண வீட்டில் பேச்சும் சிரிப்பும்தான் அதிகம். எங்கள் ஊரிலிருந்து போர்ட் பிளேயர் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சாலை வழியாகச் சுமார் 240 கிலோமீட்டர். ஊசியை வாயில் வைக்காதீர்கள், பக்கத்தில் நிற்கும் பிள்ளைகளையும் வைக்க விடாதீர்கள். ரவிக்கைக் கையில் ஒரு துண்டு ஃபோமைக் கட்டி அதில் குத்தி வையுங்கள், அல்லது ஒரு தங்கச்சியிடம் தட்டைக் கொடுத்து நிற்க வையுங்கள்.

கடற்காற்றில் மலிவான ஊசி சீக்கிரம் துருப்பிடித்துவிடும். போன வருடம் வாங்கி டப்பாவில் வைத்தது என்று நம்பி எடுத்துக் குத்தினால், வேர்வை பட்டதும் பட்டில் பழுப்புக் கறை. துருக்கறை பட்டிலிருந்து போவது மிகவும் கஷ்டம். துருப்பிடிக்காத எஃகு ஊசியாக வாங்கி, வெள்ளைத் துணியில் ஒருமுறை தேய்த்துப் பார்த்துவிட்டுக் குத்துங்கள். ஜரிகைக்கும் இதே கவனம் வேண்டும். நல்ல ஜரிகை என்பது பட்டு நூலில் வெள்ளிக் கம்பி சுற்றித் தங்க முலாம் பூசியது. வேர்வையும் வாசனைத் திரவியமும் பட்டால் வெள்ளி கறுக்கும். அத்தரை உடுத்துவதற்கு முன்பே தோலில் தடவி உலரவிடுங்கள். உடுத்திய பிறகு சேலையின் மேல் தெளிக்க வேண்டாம், அன்போடு தெளிக்க வருபவர்களிடமும் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

முந்தானையை இழுத்து முக்காடு போடுவதே தங்களுக்குப் போதும் என்கிற பெரியம்மாக்களும் நன்னிமாரும் கூட்டத்தில் இருப்பார்கள். அவர்களைப் பிடித்துக் கேப்பும் ஊசியும் மாட்டிவிட வேண்டாம். முந்தானை நழுவாமல் இருக்க உச்சியில் ஒரு சின்ன ஊசி குத்திவிட்டால் அவர்களுக்கு அதுவே பெரிய உதவி.

சேலையும் லெஹங்காவும் சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ எப்படியாவது வந்து சேர்ந்துவிடுகின்றன. கடைசி நாளில் இல்லாமல் போவது கேப்பும் ஊசியும் சரியான சாயலில் ஒரு ஜார்ஜெட் துண்டும்தான். இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியிருக்கும் போர்ட் பிளேயருக்கு ஆள் அனுப்பினால், ஜார்வா பழங்குடியினரின் காட்டுப் பகுதியில் குறித்த நேரத்துக்குத்தான் வண்டிகளைக் கான்வாயாகச் சேர்த்து விடுவார்கள், பாராடாங்கில் வண்டியைப் படகில் ஏற்றிக் கடக்க வேண்டும். போய் வர இரண்டு பகல் போய்விடும். அதனால் சேலை கைக்கு வந்த வாரமே ஹிஜாப் துணியையும் வாங்கிவிடுங்கள். ஒரே நிறத்தில் இரண்டாக வாங்குங்கள், ஒன்று வேர்வையில் நனைந்தால் மத்தியானம் மாற்றிக்கொள்ள. கேப் மூன்று இருக்கட்டும்.

ரவிக்கை தைத்து வந்ததும் ஒருநாள் மத்தியானம் மின்விசிறியை நிறுத்திவிட்டு, முழுவதையும் உடுத்திப் பாருங்கள். உட்காருங்கள், கையைத் தூக்குங்கள், ஒரு பிடி சோறு சாப்பிடுங்கள், ஒளு செய்து இரண்டு ரக்அத் தொழுங்கள். ஸஜ்தாவில் ஹிஜாப் முன்னால் சரிந்தால் வலது தோள் ஊசியை இரண்டு விரல்கடை பின்னால் தள்ளுங்கள். நிமிரும்போது நெற்றி இழுத்தால் கேப்பின் நாடா இறுக்கம். கழுத்தில் இன்னும் மூட்டை தெரிந்தால் குட்டை நுனி ரவிக்கைக்குள் சுருண்டு கிடக்கிறது. வெளியே எடுத்து நான்கு விரல்கடை வெட்டி மடித்துத் தைத்துவிடுங்கள், அந்தத் துண்டு யாருக்கும் தெரியப்போவதில்லை.